பாமணியாற்றங்கரையிலிருந்து வட இங்கிலாந்துக்கு: ஒரு செவிலியர் குடும்பத்தின் குடியேற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து 2023 செப்டம்பரில் ஒரு செவிலியரும், ஒன்பது மாதம் கழித்து 2024 ஜூனில் அவருடைய கணவரும் ஆறு வயது மகளும் இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஒரு நடுத்தர நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தச் செவிலியர் தஞ்சாவூரில் என்னிடம் படித்தவர். அவர் புறப்படுவதற்கு ஓராண்டு முன்பிருந்தே சான்றிதழ் வேலைகளில் உடனிருந்தேன். போன பிறகும் வாரம் ஒரு முறையாவது குரல் பதிவு அனுப்பிவிடுவார். கணவன் மனைவி இருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்கள், ஊர், மருத்துவமனை எதையும் குறிப்பிடவில்லை. தேதிகளையும் தொகைகளையும் அவர்கள் பத்திரப்படுத்தியிருந்த ரசீதுகளோடு ஒப்பிட்ட பிறகே தருகிறேன்.

டெல்டாக்காரர்களுக்கு வெளிநாடு புதிதல்ல. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. ஆனால் அந்தப் பயணங்களில் பெரும்பாலும் ஆண்மகன் மட்டுமே போனான். படுக்க இடமும் சாப்பாடும் முதலாளியின் பொறுப்பாக இருந்தன. மனைவி, பிள்ளை, நிலம் எல்லாம் ஊரிலேயே இருந்தன. ஒரு பெண் முதலில் போய், தானே வீடு பிடித்து, தானே வரி கட்டி, பிறகு கணவனையும் குழந்தையையும் அழைத்துக்கொள்வது முற்றிலும் வேறு வகைக் குடியேற்றம். அதற்கான அனுபவ அறிவு நம் ஊர்களில் இன்னும் சேரவில்லை. இந்தக் குடும்பத்தைக் கவனித்ததில் நான் கண்டது இதுதான்: அந்நிய மண்ணில் அவர்கள் பட்ட சிரமங்களில் பெரும்பகுதிக்கு வேர் இங்கே இருந்தது, ஊரில் இருந்தபோது ஒரு வாரத்தில் முடித்திருக்கக்கூடிய வேலைகளைச் செய்யாமல் விட்டதில் இருந்தது.

மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர்கள்

2022இல் அவர் முதன்முதலாகத் தன் காகிதங்களை என் வீட்டு மேசையில் பரப்பியபோது, பாஸ்போர்ட்டையும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவுச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பதிவுச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்தும் அவர் பெயரும் மட்டுமே இருந்தன. திருமணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டில் அந்த முதலெழுத்து விரிந்து, தந்தையின் முழுப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. அதோடு, அவர் பெயரில் வரும் 'ழ'கரத்தை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் இரண்டெழுத்தாகவும் இன்னோரிடத்தில் ஓரெழுத்தாகவும் எழுதியிருந்தார்கள். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஆள். பிரிட்டனின் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலில் கோப்பைப் பார்ப்பவருக்கு அவர்கள் இரண்டு பேர். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கல்லூரியிலிருந்தும் ஒரு கடிதம் வாங்கி இணைத்தோம். அந்தக் கடிதத்துக்கு மட்டும் ஏழு வாரம் ஆனது.

அத்துடன் தீர்ந்தது என்று நினைத்தது என் தவறு. குடும்பம் பின்னால் போகவேண்டியிருக்கும் என்று தெரிந்தும், அன்றே கணவரின் காகிதங்களையும் கேட்டு வாங்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருந்தது அவருடைய தந்தையின் பெயர். மகளுக்குக் குடும்பப் பெயராக வரப்போவதோ கணவரின் பெயர். ஆக ஒரே வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள். இவர்கள் ஒரு குடும்பம் என்று அயலார் நம்புவதற்குத் திருமணப் பதிவுச் சான்றும் குழந்தையின் பிறப்புச் சான்றும் மட்டுமே ஆதாரம். 2015இல் கும்பகோணத்தில் ஒரு கோயிலில் நடந்த திருமணத்தை அவர்கள் பதிவு செய்யவே இல்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது கிராமத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிறப்புச் சான்றிலோ குழந்தையின் பெயர்க் கட்டமே வெறுமையாக இருந்தது. மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் பெயரில்லாமல் பதிவது வழக்கம். 15 ஆண்டுகள் வரை பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் யாரும் அவசரப்படுவதில்லை.

கணவர் 2023 நவம்பரில் சென்னைக்குப் போய், தனக்குப் பிரிட்டிஷ் விசாவுக்கு வேண்டிய காசநோய்ப் பரிசோதனையை முடித்துவிட்டு வந்தார். முந்திக்கொள்ள வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சான்று ஆறு மாதம்தான் செல்லும். திருமணப் பதிவுக்கு அழைப்பிதழ் வேண்டும் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் சொன்னபோது வீட்டில் ஒரு பத்திரிகைகூட இல்லை. சித்தப்பா வீட்டுப் பூஜை அலமாரியில், நான்கு மூலையிலும் மஞ்சள் காய்ந்து ஒட்டிய ஒரு பத்திரிகை கடைசியில் கிடைத்தது. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் அதைப் பதிந்து, குழந்தையின் பெயரைச் சேர்த்து, அதற்குப் பிறகு பாஸ்போர்ட் எடுத்து முடிக்க ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது. காசநோய்ச் சான்று காலாவதியாகப் பத்தே நாள் இருந்தபோது விசா விண்ணப்பம் போனது.

இடையில் இன்னொரு பீதியும் வந்தது. 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு பயண முகவர், "இனிமேல் பணம் கட்டிப் பிரயோஜனமில்லை" என்றே சொல்லிவிட்டார். உண்மையில் அந்தத் தடை பராமரிப்புப் பணியாளர்களுக்கும் மூத்த பராமரிப்புப் பணியாளர்களுக்கும் வந்தது. பதிவு பெற்ற செவிலியர்களுக்கு வரவில்லை. இரண்டு வேலைக்கும் பெரும்பாலும் ஒரே வகை விசா என்பதால் குழப்பம். அந்த மூன்று வாரமும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று செவிலியரின் மாமியார் என்னிடம் சொன்னார். பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் அரைமணி நேரம் செலவிட்டால் தெளிந்துவிடும் ஒரு செய்திக்காக ஒரு குடும்பம் அப்படித் தவித்தது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

முகவரி கிடைக்கும் வரை

செவிலியரின் தொழில்முறைப் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓஇடி ஆங்கிலத் தேர்வையும் கணினித் தேர்வான சிபிடியையும் இந்தியாவிலேயே தேறியிருந்தார். அங்கே போன பிறகு பத்து நிலையங்கள் கொண்ட ஆஸ்கி செய்முறைத் தேர்வில் முதல் முறை இரண்டு நிலையங்களில் தவறி, அவற்றை மட்டும் திரும்ப எழுதி 2024 ஜனவரியில் தேறினார். பதிவு எண் வரும் வரை பேண்ட் 3 என்ற படிநிலையில் சம்பளம். அப்போது அது ஆண்டுக்கு 22,816 பவுண்டில் தொடங்கியது. எண் வந்ததும் பேண்ட் 5, அதாவது 28,407 பவுண்டு. மருத்துவமனை கொடுத்திருந்த அறை மூன்று மாதத்துக்குத்தான்; அதற்கு மேல் ஒரு மாதம் கெஞ்சி வாங்கினார். அதன் பிறகு வீடு தேட வேண்டும். உண்மையான சோதனை அங்கேதான் தொடங்கியது.

வங்கிக் கணக்குக்கு முகவரிச் சான்று வேண்டும். வீடு பிடிக்க வங்கி வரவு செலவு அறிக்கை வேண்டும். அந்த வீடு வந்தால்தான் முகவரி. வெளியிலிருந்து வருகிறவர்களை எல்லாம் இந்தச் சுழல் பிடித்துக்கொள்கிறது. மருத்துவமனையின் மனிதவளப் பிரிவு வங்கிக்கு எழுதிய கடிதம் முதல் முடிச்சை அவிழ்த்தது. இரண்டாவது முடிச்சை அவிழ்க்க ஆளில்லை. வீட்டு வாடகை முகமை, அந்த நாட்டில் கடன் வரலாறு இல்லை என்பதால், அங்கேயே சொந்த வீடோ போதிய வருமானமோ உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்றது. மாத வாடகை 750 பவுண்டு. ஆறு மாதத்துக்கு 4,500 பவுண்டு, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய நான்கே முக்கால் லட்சம் ரூபாய். அதற்கு மேல் ஐந்து வார வாடகை, 865 பவுண்டு, காப்புத்தொகை. இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரண வாடகைகளுக்குக் காப்புத்தொகை ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டுக்காரர் அதை 30 நாட்களுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட வேண்டும். இதை அவரே படித்துத் தெரிந்துகொண்டு, பாதுகாப்புச் சான்றைக் கேட்டு வாங்கினார். அந்த ஒன்றில் அவருக்கு இழப்பில்லை.

முன்பணத்துக்காக ஊரில் கணவர் தன் பெயரில் நகைக்கடன் வாங்கினார். அப்போதே நான் செவிலியரிடம் கேட்டேன்: அதே வார்டில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் கேரளத்துச் சகோதரி ஒருவர் ஜாமீன் நிற்கத் தயாராக இருந்தாரே, ஏன் கேட்கவில்லை? "கடன்பட்ட மாதிரி ஆயிடும் மேடம்," என்றார். சொந்தக்காரர் அல்லாதவரிடம் ஜாமீன் கேட்பது நம் பழக்கத்தில் கூச்சமான காரியம்தான். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கூச்சத்துக்கு அவர்கள் கொடுத்த விலை, பின்னால் சொல்லப்போவதுபோல, அந்தச் சகோதரியிடம் பட்டிருக்கக்கூடிய கடனைவிட அதிகம்.

புது வீட்டுக்குப் போன மூன்றாம் நாள், பிப்ரவரி மாதத்து ஞாயிறு இரவு, திடீரென விளக்கு அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்று எண்ணி, செல்போன் வெளிச்சத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்தும், நம் ஊரில் நினைப்பதுபோலவே, ஒரு ஃபேஸ் மட்டும் போயிருக்கும், வந்துவிடும் என்று இரண்டு மணி நேரம் காத்திருக்கிறார். வெப்பமூட்டியும் நின்று குளிர் தாங்காமல் போன பிறகுதான் பக்கத்து வீட்டு மூதாட்டியின் கதவைத் தட்டினார். அந்த அம்மாள் வந்து மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டரைத் திறந்து, அதில் செருகியிருந்த சிறிய பிளாஸ்டிக் சாவியை எடுத்துக் காட்டினார். முன்பணம் போட்டு ஓட்டும் மீட்டர் அது. சாவியை மூலைக்கடைக்கு எடுத்துப்போய்ப் பணம் ஏற்றி வந்து செருக வேண்டும். பணம் தீர்ந்தாலும் அவசரக் கடனாகக் கொஞ்சம் மின்சாரம் தரும் பொத்தானும் அதிலேயே இருந்தது. வீட்டைக் கொடுத்தவர்கள் இதை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய செய்தியாகவே தோன்றியிருக்காது.

கணவர் வந்த பிறகு

செவிலியருக்கு வேலையும் சீருடையும் சக ஊழியர்களும் இருந்தார்கள். கணவருக்கு எதுவும் இல்லை. ஊரில் அவருக்கு ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) சொந்த நிலம், குத்தகைக்கு மேலும் ஒரு வேலி (இருபது மா), ஒரு டிராக்டர். சொசைட்டியில் உரம் வாங்கப் போனால் யாரும் அட்டை கேட்க மாட்டார்கள்; இன்னார் பேரன் என்பது போதும். அங்கே கிடங்கு வேலைக்கு விண்ணப்பித்தபோது, கடைசியாக வேலை கொடுத்த இருவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கேட்டார்கள். பதினைந்து ஆண்டுகளாகத் தன் நிலத்தையே உழுதவருக்கு யார் வேலை கொடுத்தவர்? கிராம நிர்வாக அலுவலரிடமும் சொசைட்டிச் செயலாளரிடமும் கடிதம் வாங்கி அனுப்பினோம். இரண்டிலும் அலுவலக மின்னஞ்சல் முகவரி இல்லாததால் அவை ஏற்கப்படவில்லை. டிராக்டர் வாங்கிய விற்பனையகத்தின் மேலாளரும், அறுவடை இயந்திரத்தை இவர் ஒப்பந்தத்துக்கு ஓட்டிய ஒரு நிறுவனமும் கடைசியில் கைகொடுத்தன. ஊரில் இருந்தபோதே அந்த நிறுவனத்திடம் முகவரி, முத்திரை, மின்னஞ்சலோடு ஒரு பணிச்சான்று வாங்கி வைத்திருந்தால் அவர் நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்திருக்க நேர்ந்திருக்காது.

டிராக்டரும் லாரியும் ஓட்டிய கை. இந்திய உரிமத்தை வைத்துப் பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் கார் ஓட்டலாம். அதற்குள் அங்கத்திய தற்காலிக உரிமம் எடுத்து, எழுத்துத் தேர்விலும் ஓட்டுநர் தேர்விலும் தேற வேண்டும். எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 43 சரியாக இருக்க வேண்டும். ஓட்டுநர் தேர்வுக்கு நாள் கிடைப்பதற்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பித்திருந்தால் அந்தக் காத்திருப்பு 12 மாதத்துக்குள் அடங்கியிருக்கும். இவர் ஏழாம் மாதம்தான் தொடங்கினார். கடைசியில் உணவு பொட்டலமிடும் கிடங்கில் இரவு வேலை கிடைத்தது, போக்குவரத்து சைக்கிளில்தான்.

அவர் வந்து சேர்ந்ததில் வீட்டுக் கணக்கும் மாறியது. வீட்டில் பெரியவர் ஒருவரே இருந்தால் உள்ளாட்சி வரியில் 25 சதவீதம் தள்ளுபடி. கணவர் வந்ததை உடனே தெரிவிக்காததால் நிலுவை சேர்ந்து ஒரே தவணையில் கட்ட வேண்டிவந்தது. விசாவில் 'பொது நிதி கிடையாது' என்ற நிபந்தனை இருப்பதால் குழந்தைக்கான அரசு உதவித்தொகையும் கேட்க முடியாது. ஆனால் இங்கிலாந்தில் இரண்டாம் வகுப்பு வரை எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ள இலவசப் பள்ளி உணவு இந்தத் தடையில் வராது. இது தெரியாமல் முதல் மூன்று வாரம் சாதம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

குழந்தைக்கு ஜூனில் இடம் கேட்டும் பக்கத்துப் பள்ளி நிறைந்திருந்தது. செப்டம்பரில்தான் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தாள். ஏழு வாரம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. பள்ளியில் பயந்துவிடவில்லை, வேற்று மொழிச் சூழலில் வரும் குழந்தைகள் இப்படி மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பது வழக்கம் என்று ஆசிரியை எடுத்துச் சொன்னார். வீட்டில்தான் பயம். செவிலியருக்குப் பன்னிரண்டரை மணி நேரப் பணி. கணவருக்கு இரவு வேலை. பள்ளி மூன்றேகாலுக்கு விட்டுவிடும். ஊரில் என்றால் திண்ணையில் அப்பாயி இருப்பார். குழந்தை யார் வீட்டில் சாப்பிட்டாள் என்று மாலைவரை யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே இரவு வேலை முடிந்து காலையில் வந்த தகப்பன் தூக்கத்தை இரண்டாகப் பிளந்து, இரண்டரைக்கு எழுந்து பள்ளிவாசலுக்கு நடக்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரம் அவர் மொத்தமாகத் தூங்கியது எத்தனை மணி நேரம் என்று செவிலியர் எண்ணிச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிய முகவரிச் சான்றோ விசாவோ சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் வரவேற்பு மேசையில் கேட்டார்கள், இவர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். விதியை அச்சிட்டு எடுத்துக்கொண்டு மறுபடி போன பிறகே பதிவு நடந்தது.

ஊரில் விட்டுவந்தவை

கணவர் புறப்பட்ட 2024ஆம் ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. ஜூலை 28இல்தான் திறந்தார்கள். ஆழ்குழாய்க் கிணறு இல்லாத நிலம் என்பதால் குறுவை போகவில்லை. சம்பா மட்டும் சித்தப்பா பார்த்துக்கொள்வதாக வாய்ச்சொல்லோடு ஏற்பாடு. சாகுபடிக் கணக்கான அடங்கல் கணவர் பெயரில் இருந்ததால், 2025 பிப்ரவரியில் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணமும் அவர் கணக்குக்கே போனது. அந்தக் கணக்கை இயக்க வேண்டிய ஒருமுறைக் கடவுச்சொல் வரும் செல்போன் எண், மாதக்கணக்கில் ரீசார்ஜ் செய்யாததால் அதற்குள் செத்திருந்தது. வெளிநாட்டில் குடியிருப்பவரான பின் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றியிருக்க வேண்டும்; அதையும் செய்யவில்லை. கூலிக்கும் அறுவடை வண்டிக்கும் பணம் கொடுக்க முடியாமல் சித்தப்பா தன் சொந்தப் பணத்தைப் போட்டார். அண்ணன் தம்பி குடும்பங்களுக்குள் முதல் மனக்கசப்பு அங்கே விழுந்தது.

நகைக்கடன் இதைவிட மோசம். 2024 ஜனவரியில் வாங்கியது, ஓராண்டில் முடிய வேண்டும். கடன்காரர் நேரில் வந்தால்தான் புதுப்பிக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் அறிவிப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நகையில் பாதி அவருடைய தாய் போட்டது. புறப்படும் முன் கணவர் தன் தாயின் பெயரில் ஒரு பொது அதிகார ஆவணம் பதிவு செய்திருந்தால் ஒரு நாள் வேலை. அங்கிருந்து செய்வதென்றால் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். கணவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பர்மிங்காம் போய் வந்தார். வட்டியோடு முழுத்தொகையையும் அடைத்து நகையை மீட்டார்கள். அந்தப் பணம் குளிர்காலத்துக்கென்று சேர்த்தது.

பக்கத்து நிலத்தில் மூன்று மா விலைக்கு வருகிறது, வாங்கிப் போடலாம் என்று கணவருக்கு ஆசை. வெளிநாட்டில் வாழும் இந்தியர் விவசாய நிலத்தை வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை; ஏற்கெனவே உள்ளதை வைத்துக்கொள்ளலாம், வாரிசாகப் பெறலாம். இதைச் சொன்னபோது தொலைபேசியில் சற்று நேரம் பேச்சே இல்லை. "அப்ப நான் விவசாயி இல்லையா மேடம்?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

இப்போதைய நிலை

கணவர் எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டுநர் தேர்வுக்கு நாள் வாங்கியிருக்கிறார். மகள் இப்போது வீட்டிலும் ஆங்கிலத்தில் பதில் சொல்வதாகத் தாய் குறைப்பட்டுக்கொள்கிறார். கையில் இருந்த குடியிருப்பு உரிம அட்டைகள் 2024 டிசம்பர் 31உடன் முடிந்து மின்விசாவுக்கு மாறியதை இருவரும் சிக்கலின்றிக் கடந்தார்கள். நிரந்தரக் குடியிருப்புக்கான ஐந்தாண்டைப் பத்தாக்கும் முன்மொழிவு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் வந்தபோதுதான் மறுபடி உறக்கம் கெட்டது. நான் இப்போது வெளிநாடு போகக் கேட்டு வரும் மாணவிகளிடம் மதிப்பெண் பட்டியலுக்கு முன்பே திருமணப் பதிவையும் குழந்தையின் பிறப்புச் சான்றையும் கணவரின் பாஸ்போர்ட்டையும் கேட்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், பரவாயில்லை.

மாமியார் ஒரு முறை பேத்தியைப் பார்த்துவிட்டு வர ஆசைப்படுகிறார். அவருடைய ஆதாரில் கணவர் பெயர் ஒரு விதமாகவும், குடும்ப அட்டையில் வேறு விதமாகவும், நிலத்தின் பட்டாவில் மூன்றாவது விதமாகவும் இருக்கிறது. பிறந்த தேதி ஆதாரில் ஜனவரி 1. திங்கட்கிழமை காலை முதல் பேருந்தில் மன்னார்குடிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மூன்றையும் எடுத்துக்கொண்டு இருவருமாக இ-சேவை மையத்துக்குப் போக இருக்கிறோம்.